மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் காதல் காட்சி: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: திரையில் காதலிக்கும் நடிகை வீட்டில் எப்படி மனைவியாக இருக்கிறார்? பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருடைய பெயரையும் எடுத்துவிட்டோம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற நடிகை வேறொருவரைக் கட்டிப்பிடித்து உருகி உருகி நடிக்கிறார். அவர் வீட்டுக்காரர் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறார்? எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஐந்து நிமிடம் பேசினாலே ராத்திரிச் சோறு இறங்காது.
– வாசகி, சுங்கை சிப்புட்

அக்கா, அந்த வீட்டுக்காரரை ஒரே ஒரு நாள் படப்பிடிப்பில் உட்கார வைத்தால் போதும். மதியச் சாப்பாட்டுக்குள் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார்.

நீங்கள் இரண்டு நிமிடம் பார்க்கும் காதல் காட்சி அங்கே ஒரு நாள் வேலை. முதலில் இருவரும் முழுதாகத் தெரியும் மாஸ்டர் ஷாட். அடுத்து அவர் தோளுக்கு மேலாக இவர் முகம். இதைச் சினிமாக்காரர்கள் சஜஷன் என்பார்கள். பிறகு இவர் தோளுக்கு மேலாக அவர் முகம். கடைசியில் தனித்தனியே குளோசப். ஒவ்வொன்றுக்கும் லைட்டை இடம் மாற்றிக் கட்ட வேண்டும். அந்த இடைவேளையில் நாயகி குடைக்கடியில் போய் உட்கார்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வருவார். பிறகு எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி காதலிக்க வேண்டும். வியர்வை, கலைந்த முடி, எந்தக் கையில் பூ இருந்தது எல்லாம் முந்தைய ஷாட்டோடு பொருந்த வேண்டும். கண்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் பக்கத்திலேயே போட்டோவை வைத்துக்கொண்டு நிற்பார்.

குளோசப் இன்னும் வேடிக்கை. கண் கலங்கி உதடு துடிக்கும் அந்த ஷாட்டில் எதிரே நாயகன் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை. தன் பங்கை முடித்துவிட்டு அவர் கிளம்பியிருக்கலாம். கேமராவை ஒட்டி நிற்கும் உதவி இயக்குநர் முஷ்டியை உயர்த்தி, "மேடம், லுக் இங்கே" என்பார். அல்லது லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்புச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டியிருப்பார்கள். அந்த டேப்பைப் பார்த்துத்தான் அவர் உருகுகிறார். வலப்பக்கம் ஒட்ட வேண்டிய டேப்பை இடப்பக்கம் ஒட்டிவிட்டால் எல்லாம் போச்சு. எடிட்டிங்கில் இரண்டு முகத்தையும் சேர்க்கும்போது, காதலர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே திசையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி தெரிவார்கள்.

நெருக்கமும் பாதி லென்ஸின் வேலைதான். கேமராவைத் தள்ளி வைத்து 85 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால், முன்னும் பின்னுமாக நிற்கும் இருவருக்கு நடுவிலுள்ள இடைவெளி சுருங்கித் தெரியும். ஒரு முழம் தள்ளி நின்றாலும் மூச்சு படும் தூரம் போல இருக்கும். நிஜமாகவே அணைக்க வேண்டிய ஷாட்டில் தாடை எந்தத் தோளில், கை எங்கே, எத்தனை எண்ணும்வரை என்று முன்கூட்டியே பேசிவைப்பார்கள். தாடை தப்பான தோளுக்குப் போனால் முகம் கேமராவுக்கு மறைந்துவிடும், திரும்ப எடுக்க வேண்டும். இரண்டு மூன்று டேக் ஆனதும் அவர் சட்டைக் காலரில் இவர் பவுடர் ஒட்டியிருக்கும். மாற்றுச் சட்டை தேடுவார்கள். இவ்வளவும் லைட்மேன், மேக்கப்மேன், டிராலி தள்ளுகிறவர் என்று ஒரு கூட்டத்தின் நடுவில் நடக்கும்.

பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். திரையில் மெதுவாக மிதந்து வரும் காதல் பாட்டைப் பெரும்பாலும் விநாடிக்கு 24-க்குப் பதில் 48 ஃபிரேமில் எடுப்பார்கள். அப்போது ஸ்பீக்கரில் பாட்டை இரட்டிப்பு வேகத்தில் ஓட விட்டு, அதற்கு நாயகி வாயசைக்க வேண்டும். 24-ல் ஓட்டிப் பார்க்கும்போது உதடு பாட்டோடு சேரும், கூந்தலும் தாவணியும் மட்டும் மிதக்கும். எலிக்குட்டி கத்துகிற மாதிரி ஒலிக்கும் பாட்டுக்கு முகத்தில் ஏக்கம் காட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஒன்று கவனித்தோம். நடிகையின் கணவர் எப்படிப் பொறுக்கிறார் என்று கேட்டு இத்தனை கடிதம். நாயகனின் மனைவி எப்படிப் பொறுக்கிறார் என்று ஒன்றுகூட இல்லை. நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 'வெட்டி பசங்க' (2014), 'வெடிகுண்டு பசங்க' (2018) படங்களை இயக்கியவர் விமலா பெருமாள். நாயகன் அவர் கணவர் டேனிஸ் குமார். தன் வீட்டுக்காரர் இன்னொரு பெண்ணைக் காதலிக்கும் காட்சிக்கு "ஆக்‌ஷன்" சொன்னதும் அவரே, சரியாக வரவில்லை என்றால் "ஒன் மோர்" கேட்க வேண்டியதும் அவரே.

தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் திடலில்) வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் 'மிஸ்ஸியம்மா' பார்த்தவன் நான். சாவித்திரி – ஜெமினி கண்களில் தெரிந்தது நடிப்பா, நிஜமா? என் மருமகனுக்கும் எனக்கும் இதில் சண்டை.
– வாசகர், கமுனிங்

ஐயா, நீங்கள் இருவரும் ஆளுக்குப் பாதி ஜெயித்திருக்கிறீர்கள்.

படம் வெளியானது 1955 ஜனவரியில். இருவரும் ரகசியமாக மாலை மாற்றிக்கொண்டது 1952-ல், மைசூர் சாமுண்டீஸ்வரி கோயிலில். ஜெமினிக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார், அதனால்தான் ரகசியம். படத்தின் கதையை நினைத்துப் பாருங்கள்: கல்யாணமாகாத இருவர், ஜமீன்தார் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைப்பதற்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்கிறார்கள். ஆக, கணவன் மனைவியாக இருந்த இருவர், கணவன் மனைவி இல்லாத இருவர், கணவன் மனைவி போல நடிப்பதை நடித்தார்கள்! பின்னாளில் லக்ஸ் சோப் விளம்பரத்துக்கு 'சாவித்திரி கணேஷ்' என்று கையெழுத்துப் போட்டதில்தான் விஷயம் ஊருக்கு வெளியானது.

ஆனால் உங்கள் மருமகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 'பாசமல'ரில் (1961) சிவாஜிக்குச் சாவித்திரி தங்கை, பார்த்தவர்கள் கதறினார்கள். 'நவராத்திரி'யில் (1964) அதே சிவாஜிக்கு ஜோடி. மூன்றே வருஷத்தில் அண்ணன் காதலனானபோது கொட்டகையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கண்ணால் எதையும் நம்பவைக்க முடிந்தது. அது கணவர் எதிரே நின்றதால் வந்ததல்ல. ஜெமினி கணேசனோடு ஜோடி சேர்ந்த மற்ற நாயகிகளின் படங்களையும் பாருங்கள். அவர் அங்கேயும் அதே மாதிரிதான் பார்ப்பார்.

கல்யாணமானால் கதாநாயகி மார்க்கெட் போய்விடும் என்பது உண்மையா?
– வாசகி, லிந்தாங்

எந்தக் காலத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய காலம்தான் கட்டுப்பெட்டி, இப்போதுதான் தாராளம் என்று நினைப்போம். கணக்கு அப்படி வரவில்லை.

பானுமதிக்குக் கல்யாணம் 1943-ல். எம்.ஜி.ஆருக்கு ஜோடியாக 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்' இரண்டும் 1956-ல். பிள்ளை பெற்று, சொந்தப் படக் கம்பெனி நடத்திக்கொண்டே நாயகியாக நின்றார். நாயகன் தொட்டு நடிப்பதை விரும்பாதவர் என்று பெயர் எடுத்தவர். பார்வையாலும் எகத்தாளப் பேச்சாலும் காதலைக் கொண்டுவந்தார். சௌகார் ஜானகி கைக்குழந்தையோடுதான் 1950-ல் சினிமாவுக்கே வந்தார். பத்மினி 1961-ல் டாக்டரைக் கட்டிக்கொண்டார். 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது 1968-ல். மோகனா சண்முகசுந்தரத்தைப் பார்க்கும் பார்வைக்கு இன்றைக்கும் ஈடு கிடையாது, அப்போது பத்மினிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். சரோஜாதேவி 1967-ல் மணமுடித்தார். மறு வருஷமே 'பணமா பாசமா' ஓடு ஓடென்று ஓடியது.

நடுவில்தான் நிலைமை இறுகியது. 'அலைபாயுதே' 2000 ஏப்ரல் 14-ல் வெளியானது. பத்து நாள் கழித்து ஷாலினிக்கும் அஜித்துக்கும் கல்யாணம். முன்பே நடித்து முடித்திருந்த 'பிரியாத வரம் வேண்டும்' 2001-ல் வந்தது, அதோடு சரி. ஜோதிகா, சூர்யா மனைவியாக நடித்த 'சில்லுனு ஒரு காதல்' 2006 செப்டம்பர் 8-ல் வந்தது. செப்டம்பர் 11-ல் நிஜக் கல்யாணம். மறு வருஷம் 'மொழி'. பிறகு நீண்ட இடைவெளி, '36 வயதினிலே' 2015-ல்தான். இது அவர்களே எடுத்த முடிவாகவும் இருக்கலாம், அதில் நாம் தலையிட ஒன்றுமில்லை.

இப்போது கட்டு தளர்ந்திருக்கிறது. சமந்தா 2017-ல் மணமுடித்தார், 2018-ல் தெலுங்கு 'ரங்கஸ்தலம்' பெரிய வெற்றி. நயன்தாராவின் கல்யாணம் 2022 ஜூனில், 'ஜவான்' 2023 செப்டம்பரில்.

தயாரிப்பாளர் பயப்படுவது பெரும்பாலும் ரசிகனை நினைத்தல்ல, கால்ஷீட்டை நினைத்துத்தான். பாதிப் படம் முடிந்த நிலையில் நாயகி கர்ப்பமானால் தோற்றம் மாறும், நடனக் காட்சி எடுக்க முடியாது, வெளிநாட்டுப் பாட்டு தள்ளிப்போகும், வாங்கிய பணத்துக்கு வட்டி ஏறும். அதனால் புதுமணப் பெண் என்றால் பாட்டையும் ஓட்டம் சாட்டத்தையும் முதலில் எடுத்துவிட்டு, உட்கார்ந்து பேசும் காட்சிகளைக் கடைசிக்கு வைப்பார்கள். வயிறு தெரியத் தொடங்கினால் மேசைக்குப் பின்னால் உட்கார வைப்பது, கையில் தலையணை, கோப்பு, பூக்கூடை கொடுப்பது, மார்புக்கு மேல் மட்டும் எடுப்பது எல்லாம் பழைய வித்தை. பழைய படங்களில் நாயகி காரணமே இல்லாமல் ஒரு கூடையைச் சுமந்துகொண்டு திரிந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

தாலியைக் கழற்றக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கன்னிப் பெண்ணாக நடிக்கும்போது நடிகைகள் தாலியை என்ன செய்வார்கள்?
– வாசகி, செம்பனைத் தோட்டம்

கழுத்து மூடிய உடை என்றால் சங்கிலியை நீளமாக விட்டு, பிளவுஸுக்குள் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிக்கொள்வது உண்டு. இது உட்கார்ந்து பேசும் காட்சிக்குத்தான் சரி. ஓடினால், குனிந்தால், ஆடினால் வியர்வையில் டேப் விட்டுப்போய்ச் சங்கிலி வெளியே எட்டிப் பார்க்கும். இன்னொரு தொல்லை, மார்பில் ஒளித்து வைத்த மைக்கில் தாலி உரசி 'கிளிக் கிளிக்' என்று சத்தம் விழும். நேரடி ஒலிப்பதிவு என்றால் அந்த டேக் வீண்.

அதனால் கழற்றி வைப்பவர்களே அதிகம். சொந்த உதவியாளர் அல்லது அம்மாவின் கைப்பையில் போய்விடும். காஸ்ட்யூம் பெட்டியில் போடமாட்டார்கள். அங்கே கவரிங் தாலிகள் குவிந்து கிடக்கும், அவசரத்தில் எது பவுன், எது பித்தளை என்று தேட முடியாது.

தாலியைவிட மெட்டிதான் காட்டிக்கொடுக்கும். கடற்கரையில் வெறுங்காலோடு ஒரு பாட்டு என்றால், கழற்றிய பிறகும் இரண்டாவது விரலில் வெளுத்த தடம் இருக்கும். மோதிர விரலிலும் அப்படியே. மற்ற இடத்துத் தோல் நிறத்துக்குச் சமமாக ஃபவுண்டேஷன் தடவி, பவுடர் போட்டு அமுக்குவார்கள். அலை வந்து நனைத்தால் திரும்பவும் முதலிலிருந்து. கல்யாண மருதாணி இன்னும் மோசம். ஒன்றிரண்டு வாரம் நிற்கும், மேலே எதைப் பூசினாலும் வியர்த்ததும் துணியில் ஒட்டும். முழுக்கை ரவிக்கை, அடுக்கு வளையல், கை தெரியாத ஃபிரேம் என்று சமாளிக்க வேண்டியதுதான்.

கல்யாணமாகாத பெண் மனைவியாக நடிக்கும்போது வேறு மாதிரித் தலைவலி. மஞ்சள் கயிற்றை ஈர மஞ்சளில் நனைத்து உடனே கட்டினால் ரவிக்கைக் கழுத்து முழுக்கக் கறை. முதல் நாளே நனைத்து நிழலில் காயவைக்க வேண்டும். கதையில் ஐந்து வருஷம் கழிகிறது என்றால் கயிறும் மங்க வேண்டும். புதுசு, நடுத்தரம், பழசு என்று மூன்று கயிறு தயாராக வைத்திருப்பவர்தான் நல்ல உதவி இயக்குநர். கல்யாண வீட்டில் பளிச்சென்று இருந்த அதே கயிறு, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காட்சியிலும் பளிச்சென்று இருந்தால் நம் அம்மாக்கள் ஆஸ்ட்ரோ டிவியில் பார்க்கும்போதே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

படத்தில் ஐயர் மந்திரம் சொல்லி, நடிகர் மூன்று முடிச்சும் போட்டுவிட்டால் அது செல்லுமா? நண்பர்களோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.
– வாசகர், ஜாலோங்

செல்லும் என்று கட்டியிருந்தால் பணத்தை எடுத்து வையுங்கள், தம்பி. கல்யாணத்துக்கு இருவருக்கும் மணமுடிக்கும் எண்ணம் இருக்க வேண்டும். நடிப்புக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு அது கிடையாது.

நம் நாட்டில் நிஜமாகக் கட்டிய தாலிக்கே பதிவு வேண்டும். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அறிவிப்பு 21 நாள் ஒட்டப்படும், பிறகு பதிவாளர் முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து. 21 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சில கோயில்களில் துணைப் பதிவாளர் இருக்கிறார், கல்யாணத்தன்றே அங்கே கையெழுத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 21 நாளைக் கணக்கிட்டு முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும். தோட்டங்களில் பலர் 'தாலிதான் கட்டியாச்சே, அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டு, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் போடும்போதும், கணவர் இறந்த பிறகு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் கேட்கும்போதும் அலைகிறார்கள். பந்தயத்தில் ஜெயித்தது நீங்கள் என்றால், அந்தப் பணத்தை நண்பர்களில் பதியாதவர் யாராவது இருந்தால் அவர் ரெஜிஸ்டர் செலவுக்குக் கொடுங்கள்.

நடிகையின் குரலில் இருக்கும் காதல் அவருடையதுதானா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பல படங்களில் இல்லை. 'பம்பாய்' படத்தில் மனீஷா கொய்ராலாவுக்குப் பேசியவர் ரோகிணி. 'ராஜா ராணி'யில் நயன்தாராவுக்கு தீபா வெங்கட். '96' ஜானுவின் குரல் சின்மயி. டப்பிங் அறையில் இருட்டில் நின்று, திரையில் ஓடும் உதட்டைப் பார்த்து, ஒவ்வொரு மூச்சையும் விசும்பலையும் தனியாகக் கொடுக்க வேண்டும். எதிர்க்குரல் கொடுப்பவர் அன்று வந்திருக்கவே மாட்டார்.

நம் ஊர்க் கொட்டகையில் காதல் பாட்டு திடீரென்று துள்ளுகிறதே, ஆபரேட்டர் கோளாறா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பாவம் ஆபரேட்டர். உள்துறை அமைச்சின் கீழுள்ள திரைப்படத் தணிக்கை வாரியம், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி படங்களைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. இந்தியாவில் தணிக்கையாகி வந்தாலும் இங்கே தனியாகப் பார்ப்பார்கள். முத்தமோ நெருக்கமோ வெட்டப்பட்டால் அதோடு சேர்ந்து இசையும் போகும். தாளம் பாதியில் உடைவது அதனால்தான். இணையத் தளங்களில் வருபவை அந்த வாரியத்தின் கீழ் வராது. அதனால் அதே பாட்டு அங்கே முழுசாக இருக்கும்.

உள்ளூர் நாடகத்தில் நாயகி வாய்ப்பு வந்திருக்கிறது. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். நெருக்கமான காட்சி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, 23 வயது, லிந்தாங்

வாயால் சொன்னால் செட்டில் மறந்துபோகும், தங்கச்சி. எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்னால் காட்சிப் பட்டியலைக் கேட்டு, உங்களுக்கும் நாயகனுக்கும் உள்ள ஒவ்வொரு காட்சியிலும் தொடுதல் என்ன என்று எழுதச் சொல்லுங்கள்: கை பிடித்தல், தோளில் சாய்தல், அணைத்தல். முத்தம் வேண்டாமென்றால் வேண்டாமென்றே எழுத வேண்டும். "கதைக்குத் தேவையான அளவு" என்ற வாசகம் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், எல்லாத் தகராறும் அந்த வரியில்தான் கிளம்பும். உங்களுக்குப் பதில் டூப் வைத்து நெருக்கக் காட்சி எடுத்துச் சேர்க்கக் கூடாது என்பதையும் சேருங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். போஸ்டருக்கும் விளம்பரத் துணுக்குக்கும் எந்தப் படத்தை எடுப்பார்கள், உங்களிடம் காட்டுவார்களா என்பதும் அதிலேயே இருக்கட்டும். ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியவில்லை என்றால், புரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படித்த பிறகுதான் கையெழுத்து. செட்டில் "சின்னதாக ஒரு மாற்றம்" என்றால், அதையும் ஒரு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

இதற்கென்றே இப்போது தனி ஆள் வைக்கிறார்கள். அமெரிக்காவில் எச்.பி.ஓ. 2018-ல் நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளரை வைக்கத் தொடங்கியது. இந்தியில் 2022-ல் வந்த 'கெஹ்ராயியான்' படத்தில் அப்படிப்பட்டவருக்குப் பெயரே போட்டார்கள். உள்ளூர்ச் சின்னக் கம்பெனியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த ஷாட்டின்போது தேவையில்லாதவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. வருங்கால வீட்டுக்காரருக்கும் காட்சிப் பட்டியலை இப்போதே காட்டிவிடுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. டிவியில் முதல்முறை பார்த்து அவர் முகம் சுருங்கினால், தேவையில்லாத சண்டை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போடுகிறோம். நாயகியாக வரும் பெண் கல்யாணமானவர், நன்றாக நடிக்கிறார். காதல் காட்சி இருக்கிறது என்று மாமியார் தயங்குகிறார். தொடாமல் காதல் காட்சி வைக்க முடியுமா?
– நாடகக் குழு இளைஞர்கள், சுங்கை சிப்புட் வட்டாரம்

முடியும். முன்பெல்லாம் மீசையை மழித்துவிட்டு ஆண்களே பெண் வேஷம் கட்டிய மேடைதானே நம்முடையது? அப்போதும் காதல் காட்சி இல்லாமல் நாடகம் நடக்கவில்லை.

முதல் வேலை, மாமியாரை ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். மறைத்தால்தான் வம்பு.

மேடையில் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். பக்கவாட்டு முகம் மட்டும்தான் சனங்களுக்குத் தெரியும், ஒலியும் போகாது. இருவருக்கும் நடுவில் மூன்றடி விட்டு, ஆளுக்குப் பாதி சனங்கள் பக்கம் திரும்பி நிற்கட்டும். நின்ற இடத்தைச் சாக்கட்டியால் தரையில் குறித்துவிடுங்கள். நடிக்கிற வேகத்தில் ஒரு அடி கூடினால் குடும்பமே எழுந்து நிற்கும்.

கை பிடிப்பதற்குப் பதில் இருவரும் ஒரே பொருளைப் பிடிக்கட்டும். தூக்குச்சட்டி நல்லது. காலையில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவனுக்கு அவள் தூக்குச்சட்டியை நீட்டுகிறாள், அவன் கைப்பிடியின் மறு ஓரத்தைப் பிடிக்கிறான், அவள் விடவில்லை. மனசுக்குள் நாலு எண்ணும்வரை இருவரும் பேசக் கூடாது. நாலுதான். இரண்டில் விட்டால் யாருக்கும் புரியாது, ஆறு ஏழு என்று போனால் பின்வரிசைப் பையன்கள் விசில் அடிப்பார்கள். நாலு முடிந்ததும் அண்ணனோ கங்காணியோ கூப்பிடும் குரல் உள்ளேயிருந்து வரட்டும். அவள் சட்டென்று விட, சட்டி ஆட, உள்ளே கரண்டி 'டங்' என்று இடிக்கட்டும். அந்தச் சத்தத்துக்காகச் சட்டிக்குள் சோறு போடாமல் கரண்டியை மட்டும் போடுங்கள்.

அணைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் நிழலில் செய்யுங்கள். பின்னால் வெள்ளைத் துணி கட்டி, துணிக்குப் பின்னால் ஆறேழு அடி தள்ளித் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு விளக்கு. முன் விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் நிழல் கரைந்துவிடும். இருவரும் துணிக்கும் விளக்குக்கும் நடுவில், ஒருவர் துணியை ஒட்டி, மற்றவர் அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளி. பக்கவாட்டில் நகர்ந்து நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது நிறுத்துங்கள். உடல்கள் தொடாமலே நிழல்கள் சேரும். ஓரடிக்கு மேல் இடைவெளி விட்டால் விளக்குப் பக்கம் இருப்பவரின் நிழல் ராட்சசன் மாதிரி பெரிதாகிவிடும், சிரிப்பு கிளம்பும். இரண்டு விளக்கு வைத்தால் நாலு நிழல் விழும், நாடகம் வேறு நாடகமாகிவிடும்.

மைக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேலே தொங்கும் மைக் என்றால் காதல் பேச்சைக் கிசுகிசுக்க முடியாது, ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. குரலைத் தாழ்த்தாமல் வேகத்தை மட்டும் குறைத்துப் பேசப் பழக்குங்கள். சட்டைக் காலரில் மாட்டும் மைக் இரண்டு பேருக்கும் இருந்து, அவர்கள் நெருங்கி நின்றால் ஒருவர் பேச்சு மற்றவர் மைக்கிலும் விழுந்து குரல் குகைக்குள் கேட்பது போலாகும். அந்தக் காட்சிக்கு ஒருவருடையதை அணைத்துவிடுங்கள்.

கல்யாணக் காட்சியில் அந்தப் பெண்ணின் சொந்தத் தாலியை வெளியே எடுக்கவே வேண்டாம். கயிறு கட்டும் காட்சிக்குப் பதில் மாலை மாற்றினால் போதும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நாத்தனார் வேஷம் போட்ட பெண்ணும் மற்றவர்களும் சுற்றி நின்று மறைக்க, மேளம் கொட்ட, அட்சதை பறக்கட்டும். யாருக்கும் முடிச்சு தெரியப்போவதில்லை.

மறுநாள் தலைவலி மேடையில் வராது, கைப்பேசியில் வரும். காதல் காட்சியை மட்டும் இருபது விநாடி வெட்டி, எந்தக் கதை, எந்த நாடகம் என்று தெரியாமல் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். உங்கள் நாடகக் குழுவில் ஒருவர் மட்டும் முழு நாடகத்தையும் படம் பிடிப்பது, முழுசாகத்தான் போடுவது என்று ஆரம்பத்திலேயே மைக்கில் அறிவித்துவிடுங்கள். அறிவிப்பை இளைஞர்கள் செய்ய வேண்டாம். மாமியாரிடமே மைக்கைக் கொடுங்கள்.